அண்ணன் விற்ற பங்கு

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். சொந்தத்தில் வாத்தியார்களே இத்தனை பேர் இருக்க, அண்ணனைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்ணனோடு கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான்.

அண்ணன் பிறந்தது காமயகவுண்டன்பட்டியில். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பள்ளியை விட்டுத் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். பிறகு கம்பத்தில் ஒரு பாயின் மிக்ஸி, கிரைண்டர் கடையில் பெட்டி இறக்கினார். அம்மாவும் நானும் அந்த உழைப்பில்தான் சாப்பிட்டோம். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், கேரண்டி கார்டு இல்லாத பொருளை யார் தலையில் கட்டுவது என்பார்.

கடையில் இருந்தபோதுதான் ஷேர் வாங்கும் பழக்கம் வந்தது. எதை வாங்குவது என்பதை அவருக்குச் சினிமா சொல்லும். ஒரு படத்தில் காமெடி நடிகர் தன் மாமியாரிடம், "இது வாயா, புயல்ராணி மிக்ஸியா?" என்று கேட்டார். தியேட்டரே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்காமல் வெளியே போய் ஷேர் ஏஜெண்டுக்குப் போன் செய்தார். பெயரைச் சொன்னதும் ஊர் சிரித்தால், அந்தப் பொருள் எல்லார் வீட்டிலும் கத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். ஒரே ஒரு முறை தவறினார். வில்லன் வீட்டில் பளபளவென்று நின்ற பிரிட்ஜை நம்பி வாங்கினார். அந்தக் கம்பெனி படுத்துவிட்டது. அதன் பெயரைப் படத்தில் யாருமே சொல்லவில்லை, அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று வெகுநாள் வருந்தினார்.

பிற சமயத்து நண்பர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கிறிஸ்தவ வழக்கில் பங்கு என்றால் ஊர்க் கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும். அதைப் பார்த்துக்கொள்ளும் குருவானவரைச் சாமியார் என்போம். டிவியில் ஷேரையும் பங்கு என்றுதான் சொல்கிறார்கள். மரியாதையான இடங்களில் அண்ணனும் அப்படியே சொல்லுவார்.

எனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம், வாயே திறக்காத பெண்ணாக இருக்கிறதே என்று போய்விட்டார்கள். கடைசியாக ஓடைப்பட்டியிலிருந்து ஒரு வீட்டார் வந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டார். கல்யாணச் செலவை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"கவலப்படாதீக அத்தை. பங்க எல்லாம் வித்தாச்சு" என்றார் அண்ணன்.

அந்த அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "பங்க வித்துட்டீகளா? சாமியாருக்குத் தெரியுமா?"

"அவருகிட்ட எதுக்குக் கேக்கணும்? என் பங்க நான் விக்கிறேன்."

"யாருக்கு வித்தீக?"

"பம்பாய்ல யாரோ வாங்கிட்டாக. ஆளு யாருன்னே தெரியாது."

கோயிலை விற்றுத் தின்கிற வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்று அவர் எழுந்து, மகனையும் கிளப்பினார். தான் சொன்னதில் என்ன தப்பு என்று தெரியாமல் அண்ணன் கைகட்டி நின்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் அடுப்படியில் இருக்க முடியவில்லை.

"அது கோயில் பங்கு இல்லங்க" என்றேன். "மிக்ஸி கம்பெனிப் பங்கு."

என் வீட்டுக்காரர் என் குரலைக் கேட்டது அப்போதுதான். அவருடைய அம்மா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்த மிக்ஸி?"

"புயல்ராணி."

"நல்லா அரைக்குமே அது. அதப் போயி ஏன் தம்பி வித்தீக?" என்று கேட்டபடி உட்கார்ந்தார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதன்பின் டிவியில் எந்தக் கம்பெனியைக் கிண்டல் செய்தாலும் என் மாமியார் அண்ணனுக்குப் போன் போட்டுவிடுவார்.

போன வருடம் நெஞ்சு வலி வந்து அண்ணன் தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ செல்போனில் காமெடி பார்த்துச் சிரித்தார்கள். அண்ணன் கண்ணைத் திறந்து, "என்ன பேரு சொன்னாக?" என்றார். எனக்குக் காதில் விழவில்லை. அதன்பின் அவர் பேசவில்லை.

இரவு பகல் பார்க்காமல் கவனித்த நர்சம்மாக்களுக்கும், கடையை அடைத்துவிட்டு வந்து நின்ற பாய்க்கும், பூசை வைத்த சாமியாருக்கும், தோள் கொடுத்த பங்கு மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அடக்கம் முடிந்த மறுநாள் அம்மாவை அழைத்துக்கொண்டு ஓடைப்பட்டிக்குப் போனோம். மாமியார் சோறு ஆக்கி வைத்திருந்தார்.