அப்பாவின் சிங்களச் சிரிப்பு

துறைமுக வீதியில் வடிகால் வேலைக்கு அடுக்கிய மண்மூட்டைகள் மழையில் ஊறி நாறின. முன்பு அங்கே நின்ற சோதனைச்சாவடியின் அதே நாற்றம். வீட்டில் சிரித்தே அறியாத அப்பா, என்னைச் சைக்கிளில் முன்னால் ஏற்றிக்கொண்டு அந்தச் சாவடியை நெருங்கும்போது, "வாய் திறக்காதை பிள்ளை" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு இறங்கி, தன் வயதில் பாதிகூட இல்லாத நேவிக்காரனை "மாத்தயா, மாத்தயா" என்று சிங்களத்தில் ஐயா போட்டுக் கூப்பிட்டு, ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரித்துக்கொண்டு நிற்பார்; தாண்டியதும் சிங்களமும் சிரிப்பும் ஒன்றாக நின்றுபோகும். அந்தச் சிரிப்பை நான் வெறுத்தேன்.

சாவடி போய்க் கனகாலம். இன்று அதே இடத்தில் நேவிச் சீருடை போட்ட ஒரு சிங்களப் பெடியன், "அக்கா, பஸ் ஸ்டாண்ட் எந்தப் பக்கம்?" என்று நல்ல தமிழில் கேட்டான். "மாத்தயா" என்று தொடங்கி, சிங்களத்தில், சிரித்துச் சிரித்து வழி சொன்னேன்.