சகலை காட்டிய செலவில்லாத திருச்சி

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம். நீல மையில், எழுத்தெல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, "காலை ஐந்தரை மணி அம்மா மண்டபம், காவிரிக் குளியல்" என்று தொடங்கும். அதற்குக் கீழே கோயில், அதற்குக் கீழே மத்தியானச் சாப்பாடு, ஜவுளிக்கடை, மலைக்கோட்டை, காவிரிப் பாலத்துக் காற்று என்று மணி போட்டு வரிசையாக இருக்கும். கடைசி வரியில் அடிக்கோடிட்டு, "செருப்பு வேண்டாம்" என்று எழுதியிருக்கும். வருஷா வருஷம் கோடை லீவில், என் சகலை முந்தின நாள் சாயங்காலமே பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குள் வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து இந்தத் தாளை எடுத்து என் கையில் கொடுப்பார். எனக்கு அப்போதே தலைவலி ஆரம்பித்துவிடும்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லால்குடிக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்தில் நெல் விவசாயம். நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்து, எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருப்பவன். தினமும் காலையில் கடை திறக்கும் முன் ராஜகோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போடாமல் காற்றடிக்கும் பம்பைத் தொட மாட்டேன். ஆக, ஊர் என்னுடைய ஊர், பெருமாள் நான் தினமும் கும்பிடும் பெருமாள். ஊரைச் சுற்றிக் காட்டுவது மட்டும் அவர். எந்தக் கோபுர வாசலில் நிழல் விழும், எந்தக் குழாயில் குடிதண்ணீர் வரும், எந்தப் படியில் உட்கார்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "நீ கடையிலேயே உக்காந்திருக்கிற ஆளு, உனக்கு என்னய்யா தெரியும் ஊரைப் பத்தி?" என்பார். என் பிள்ளைகள் சிரிக்கும். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

செருப்பு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. கோயிலில் கழற்ற வேண்டும், மலைக்கோட்டையில் கழற்ற வேண்டும், இரண்டு இடத்திலும் விட்டுவிட்டுத் தேட வேண்டும், பார்த்துக்கொள்பவருக்குக் காசு கொடுக்க வேண்டும். ஆகவே வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதுதான் புத்திசாலித்தனம் என்பது அவர் கணக்கு. சித்திரை வெயிலில், அவர் வீட்டு நாலு பேரும் என் வீட்டு நாலு பேரும் தார் ரோட்டில் தவளை மாதிரித் தாவிப் போவோம். நிழல் கண்ட இடத்தில் எல்லோரும் ஓடிப்போய் ஒரே கும்பலாக நிற்போம். என் வாடிக்கைக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "என்னங்க, குடும்பத்தோட ஏதாவது வேண்டுதலா?" என்று பயபக்தியோடு கேட்டார். சகலை முந்திக்கொண்டு, "ஆமாங்க, எல்லாம் அவன் செயல்" என்றார்.

மத்தியான வெயிலுக்கு அவர் வைத்திருந்த மருந்து ஜவுளிக்கடை. மலைக்கோட்டைக் கடைவீதியில் பெரிய கடையாகப் பார்த்து உள்ளே புகுந்துவிடுவார். குளுகுளு என்று இருக்கும். மாடி மாடியாக ஏறி, பட்டுப்புடவைப் பகுதியில் தரையில் விரித்திருக்கும் வெள்ளை மெத்தையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "எடுத்துப் போடுங்க தம்பி, ஆவணியில கல்யாணம்" என்பார். யாருக்குக் கல்யாணம் என்று எங்களுக்கே தெரியாது. பையன் முப்பது புடவை விரிப்பான். அக்கா கூச்சப்படாமல் ஒவ்வொன்றையும் தோளில் போட்டுப் பார்ப்பார். ஒரு வருஷம் அந்தப் பையன் சகலையை உற்றுப் பார்த்து, "ஐயா, போன வருசமும் ஆவணின்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டான். எனக்கு மெத்தைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. சகலை கொஞ்சமும் அசரவில்லை. "தள்ளிப் போயிட்டுது தம்பி. ஜாதகம் அப்படி" என்றார். பையன் பாவப்பட்டு எங்களுக்கெல்லாம் இன்னொரு முறை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது சாப்பாடு ஒன்றுதான். அதற்குக் காரணம் உண்டு.

ஒவ்வொரு தை மாதமும் அறுவடை முடிந்ததும் சகலை வீட்டிலிருந்து எங்களுக்கு அரிசி மூட்டை வரும். வருஷத்துக்குப் போதுமான அரிசி. பஞ்சர் கடை வருமானத்தில் வாடகையும் பள்ளிக்கூடச் செலவும் போக என்ன மிஞ்சும் என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. மூட்டையை இறக்கிவிட்டு, "புது அரிசி, தண்ணி பாத்து வைக்கச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். ஆனால் உலையில் போடும்போதெல்லாம் எனக்குத் தெரியுமே. அவர் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து உட்கார்ந்தாலும் இலையில் விழுவது அவர் வயல் சோறு. நான் குழம்பு ஊற்றுகிறேன், அவ்வளவுதான். ஆகவே அந்த மனிதருக்கு நான் என் உழைப்பில் ஒரு வேளை சாப்பாடு போட வேண்டுமென்றால் ஹோட்டலுக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். இந்த ஆசையைப் பெருமாளிடம்கூடச் சொல்லி வைத்திருந்தேன். அவரோ அந்தத் தாளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நேராக எப்போதும் "கோயில் அன்னதானம்" என்றே எழுதி வருவார்.

என் மகன் ஆறாவது படித்த வருஷம் நான் ஒரு முடிவோடு இருந்தேன். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், வாழையிலை போட்டுக் கூட்டும் பொரியலும் கேட்கக் கேட்க வைக்கும் ஒரு ஹோட்டல். முதல் நாளே போய், எட்டுப் பேர் ஒன்றாக உட்கார எத்தனை மணிக்கு வந்தால் இடம் கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு வந்தேன். தரிசனம் முடிந்ததும் எல்லோரையும் பஸ் ஏற்றிவிட வேண்டும் என்பது திட்டம். இலவச வரிசையில் நின்று, நகர்ந்து, நின்று, ஒரு வழியாகப் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்தோம். "வாங்க, சத்திரத்துக்குப் போயிருவோம், சாப்பாடு அங்கதான்" என்றேன்.

சகலை என்னைப் பார்த்தார். "பெருமாள் வீட்டுல எலை போட்டிருக்கு. அவர் வீட்டுக்கு வந்துட்டு, எந்திரிச்சு ஹோட்டலுக்குப் போறதா? என்னய்யா பேச்சு இது?"

பக்தியைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்திவிட்டார். நான் வாயைத் திறந்தால் பெருமாள் சோற்றை வேண்டாம் என்றவன் ஆவேன். என் மனைவி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளைகள் ஏற்கெனவே அன்னதான வரிசையில் போய் நின்றுவிட்டன. சாதமும் சாம்பாரும் சூடாக, நன்றாகத்தான் இருந்தது. பெருமாள் சாப்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குத்தான் மனசெல்லாம் சத்திரத்து ஹோட்டலிலேயே இருந்தது.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும். கை கழுவியதும் நேராக உண்டியலுக்குப் போனேன். ஹோட்டலுக்கென்று வேட்டி மடிப்பில் வைத்திருந்த பணத்தை அப்படியே எடுத்து, "ரங்கா, இது சகலை குடும்பத்துச் சாப்பாட்டுக்கு. என் பேரில் எழுதிக்கோ" என்று முணுமுணுத்துப் போட்டுவிட்டேன். இனி அவர் சாப்பிட்டது நான் போட்ட சாப்பாடு, தீர்ந்தது விஷயம் என்று நிமிர்ந்து திரும்பினால், சகலை பின்னால் நிற்கிறார்.

"என்னய்யா, பெருமாளுக்கே பில்லு கட்டுறியா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை உசுப்பிவிட்டது. கோயில் என்றுகூடப் பார்க்கவில்லை, கத்திவிட்டேன். "ஆமாங்க, கட்டுறேன்! வருசம் பூரா உங்க அரிசியத் திங்கிறேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, என் ஊருக்கு வர்றீங்க. ஒரு வேளை சோறு வாங்கிக் குடுக்க விட மாட்டேங்கிறீங்களே! நான் என்ன கையாலாகாதவனா?" போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அக்கா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சகலையின் சிரிப்பு நின்றுவிட்டது. தாழ்ந்த குரலில், "அரிசிய நான் குடுக்கறேன்னு உனக்கு யாருய்யா சொன்னா? அவ தங்கச்சிக்கு அவ குடுக்கறா. நான் மூட்டை தூக்குற ஆளு" என்றார். "நீ இருக்கிறத வச்சுப் புள்ளைங்களப் படிக்க வையி. எனக்கு ஹோட்டல்ல தின்னு என்ன ஆவணும்?"

அதற்குப் பிறகு அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. பேசாமலே ஜவுளிக்கடை, பேசாமலே மலைக்கோட்டைப் படி, பேசாமலே காவிரிப் பாலம். பாலத்தின் நடுவில் எல்லோரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காற்று வாங்கியபோது, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த வேர்க்கடலையை ஒரு கை அள்ளி என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது? அதுவும் அவர் வயலில் விளைந்ததுதான்.

அடுத்த வருஷமாவது மாறினாரா என்றால், அதுதான் இல்லை. தை மாதம் அரிசி வந்தது, கோடையில் தாள் வந்தது. மத்தியானம்: கோயில் அன்னதானம். செருப்பு வேண்டாம்.

அப்புறம் அக்கா போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் பத்து நாளில் போய்விட்டார். அதோடு சகலை திருச்சிக்கு வருவதும் நின்றது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அரிசி வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கடையில் வாங்கிக்கொண்டோம். அதற்குள் என் மகனும் தலையெடுத்துவிட்டான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அறிவித்தபோது சகலை எனக்குப் போன் செய்தார். "கேட்டியாய்யா? அவ இல்லாத நேரத்துல விட்டிருக்கானுங்க பாரு" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்லும் முன் வைத்துவிட்டார்.

போன மாதம், கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று தில்லை நகரில் ஒரு கண் டாக்டரைப் பார்க்க வந்தார். என் மகன் வேலைக்குப் போய்விட்டதால் நான்தான் கூடப் போனேன். சட்டைப் பையில் மருந்துச் சீட்டு மட்டும்தான் இருந்தது. பரிசோதனை முடிந்து வெளியே வரும்போது மணி ஒன்று. "சகலை, இங்கயே ஒரு ஹோட்டல்ல சாப்பிட்டுப் போயிருவோம்" என்றேன். சொல்லிவிட்டு, வரப்போகும் பேச்சுக்கெல்லாம் மனசுக்குள் பதில் தயார் செய்துகொண்டேன். கோயில் அந்தப்பக்கம் தூரம், வெயில், கண்ணில் சொட்டு மருந்து விட்டிருக்கிறது, டாக்டர் அலையக் கூடாதென்றார். எதற்கும் வேலை வரவில்லை. "சரிய்யா" என்றார்.

ஏசி ஹோட்டல். மெத்தை நாற்காலி. மருந்து விட்ட கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பரிமாறுபவர் வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். போதும் என்று சொல்லவில்லை, இன்னும் என்றும் கேட்கவில்லை. ஊருக்குள் வந்தால் ஒரு நிமிஷம் வாய் மூடாத மனிதர், பாயசத்தைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷம் காத்திருந்தது இந்தச் சாப்பாட்டுக்குத்தானே, இதையும் இப்படிச் சப்பென்று ஆக்க வேண்டுமா?

பெரியவர் என்று பார்த்து, பில்லை அவர் முன்னால் வைத்துவிட்டார்கள். நான் பாய்ந்து எடுத்தேன். அவர் கை குறுக்கே வரும் என்று நினைத்து எடுத்த வேகத்தில், என் முழங்கை பட்டுத் தண்ணீர் டம்ளர் சாய்ந்தது. மேஜை முழுவதும் தண்ணீர் ஓடியது.

"எதுக்குய்யா இவ்வளவு அவசரம்?" என்றார் சகலை. "நான் எடுக்கவா போறேன்?"

இரண்டு கையும் மடியில் இருந்தன. கேலி இல்லை, வருத்தமும் இல்லை. உள்ளதைச் சொல்வது போலச் சொன்னார். அந்தச் சண்டையைப் போட அவரிடம் இப்போது ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெருமாளே, நான் கேட்டது இதுவா? பில்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், பணத்தைக் கட்டிவிட்டு, முகத்தைக் கொஞ்சம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன்.

வந்து பார்த்தால், தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நான் கொட்டிய தண்ணீரை மட்டும் அல்ல. சிந்திய பருக்கை, கறிவேப்பிலை, முருங்கைக்காய்ச் சக்கை எல்லாவற்றையும் இலையில் வழித்துப் போட்டு, இலையைத் தன் பக்கம் மடித்து, கண் சரியாகத் தெரியாததால் கையால் தடவித் தடவித் துடைக்கிறார். பரிமாறுபவர் பக்கத்தில் நின்று, "ஐயா விடுங்கய்யா, நாங்க பாத்துக்குறோம், மொதலாளி பாத்தா எங்களைத் திட்டுவாரு" என்று கெஞ்சுகிறார். பக்கத்து மேஜைக்காரர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். இவ்வளவு செலவு செய்து கூட்டி வந்தும், ஒரு வேளை முழு விருந்தாளியாக உட்கார்ந்து எழுந்திருக்கத் தெரியவில்லை இந்த மனிதருக்கு!

"எந்திரிங்க சகலை, மானம் போவுது" என்றேன்.

"சும்மா இருய்யா" என்றார். "இந்த மூலை இன்னும் பாக்கி இருக்கு."