காட்டுக்குப் போகக் கூடாத வசந்தம்

வுகாஷின் பதினெட்டு வயதில் செப்புச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். குளிர்காலத்தில் இருட்டோடு உள்ளே போய் இருட்டோடு வெளியே வருகிற வேலை அது. ஆட்குறைப்பு வந்த நாளில் உடன் வேலை பார்த்தவர்கள் எல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் செர்பியாவின் ஹோமோல்யே மலைச்சரிவில் ஏறி, காட்டில் ஓங்கி வளர்கிற ஒரு பீச் மரத்தடியில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். இனிப் பகலில் கூரைக்கடியில் இருப்பதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

அந்த முடிவிலிருந்து பிறந்ததுதான் அவருடைய தொழில். மாமனார் விட்டுப்போன பழைய வீட்டின் மாடியில் கட்டில்கள் போட்டு, வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்கு விடுதி ஆக்கினார். வசந்தத்தில் சிறுமானுக்கு, இலையுதிர் காலத்தில் பெரிய கலைமானுக்கு, பனி விழுந்ததும் காட்டுப்பன்றிக்கு என்று இத்தாலியர்களும் ஆஸ்திரியர்களும் வருவார்கள். வுகாஷின் அவர்களைக் கூட்டிக்கொண்டு காடு ஏறுவார். மனைவி பெர்சிதா சமைப்பாள். பன்றியை விரட்டிக்கொடுக்கிற ஆட்கள், பாலாடைக்கட்டி விற்பவர்கள், படுக்கைவிரிப்பு துவைப்பவர்கள் என்று லெஸ்கோவா ஊரில் பாதிப் பேருக்கு அந்த விடுதியால் ஏதோ ஒரு வருமானம் இருந்தது.

“என் புருஷனுக்கு வீடுங்கிறது பூட்ஸக் காய வைக்கிற இடம்,” என்பாள் பெர்சிதா. அதில் குறையும் இல்லை, பெருமையும் இல்லை.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் 2020 மார்ச்சில் அந்த உத்தரவு வந்தது. ஊரடங்கு. கிராமத்தில் எழுபது வயது கடந்தவர்கள் தங்கள் வீட்டு வெளிக்கதவைத் தாண்டவே கூடாது. கடைக்கும் போகக் கூடாது, வயலுக்கும் போகக் கூடாது. வுகாஷினுக்கு எழுபது முடிந்தது பிப்ரவரியில். பெர்சிதாவுக்கு அறுபத்தாறு, அவள் போகலாம். பக்கத்து வீட்டு ஒப்ராத்துக்கு ஜூனில்தான் எழுபது, அவனும் போகலாம்.

ஒப்ராத் தேனீ வளர்ப்பவன். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பல வருடங்களுக்கு முன்பு வுகாஷினின் வேட்டை நாய் வேலி தாண்டிப் போய் ஒப்ராத்தின் வாத்துகளைக் கடித்துக் குதறியதிலிருந்து, ஒருவரை ஒருவர் சீண்டுவதற்கு மட்டுமே வாய் திறப்பார்கள். உத்தரவு வந்த மறுநாள் காலையில் ஒப்ராத் தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டு வேலியோரமாக நின்றான்.

“டேய் வுகாஷின், என்னை விட மூத்தவன்னு பள்ளிக்கூடத்துல என்ன ஆட்டம் ஆடுன! இப்ப அனுபவி. நான் சும்மா அப்படியே ஆத்துப் பக்கம் போய்ட்டு வரேன். உனக்கு எதாவது வேணுமா? கொஞ்சம் காத்து?”

“போடா, ஜூன் வரட்டும். கதவுக்கு நானே பூட்டு வாங்கித் தரேன்.”

சீண்டல் ஒரு பக்கம் இருக்க, வுகாஷினுக்கு உள்ளே எரிந்தது. ஊர்ப் போலீஸ்காரன் ஸ்லாவிஷா தெருவில் போனபோது பிடித்து நிறுத்தினார். ஸ்லாவிஷா பள்ளிப் பருவத்திலிருந்தே குளிர்கால வேட்டையில் பன்றி விரட்ட வந்தவன்.

“ஏன்டா, நான் காட்டுல யாருக்குடா ஒட்டப் போறேன்? பீச் மரத்துக்கா?”

“நியாயமாத்தான் கேக்குறீங்க மாமா. ஆனா உங்கள விட்டா மேலத்தெருக்காரன் வந்து என்னைக் கேப்பான். எங்க மேலதிகாரிகிட்ட நான் பீச் மரத்தப் பத்திப் பேச முடியுமா?”

வந்திருக்க வேண்டிய விருந்தாளிகள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வரவில்லை என்றார்கள். இத்தாலியில் பெர்காமோவுக்கு மேலே மலையூர்க்காரரான ஒத்தாவியோ, வருடம் தவறாமல் வருபவர், கடைசியாகக் கூப்பிட்டார். இத்தனை வருடப் பழக்கத்தில் செர்பிய மொழி ஓரளவு பேசுவார்.

“இந்த வருஷம் இல்ல வுகா. என் தம்பிய அடக்கம் பண்ணக் கொண்டுபோய்ட்டாங்க. முகத்தக்கூடப் பாக்க விடல.” அதற்குமேல் இருமல்தான் கேட்டது. பிறகு அந்த எண்ணை எத்தனை தடவை அழைத்தாலும் யாரும் எடுக்கவில்லை.

விடுதியின் கீழ்த்தளத்தில் பெரிய குளிர்பெட்டிகள் இரண்டு இருந்தன. வசந்த கால விருந்தாளிகளுக்காகக் குளிர்கால வேட்டையில் கிடைத்த பன்றி இறைச்சி முழுக்க அவற்றில் இருந்தது. ஒருநாள் பெர்சிதா மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

“வராத ஆளுக்கு இது எதுக்கு ஐஸ்ல கெடக்கணும்? ஊர்ல எத்தனை கெழடுங்க கதவச் சாத்திக்கிட்டு ஒத்தையில கெடக்குது. நான் அடுப்பு மூட்டப் போறேன். நீ வெங்காயம் உரி.”

“நானா?”

“வேற என்ன வேல இருக்கு உனக்கு? முத்தத்துல நடந்து நடந்து புல்லே செத்துப்போச்சு.”

வேட்டைக்காரர்களுக்காக வாங்கிய பெரிய கொப்பரையில் மிளகாய்த்தூளும் வெங்காயமும் போட்டுப் பன்றிக்கறி கொதித்தது. ஸ்லாவிஷா ரோந்து போகிற காரிலேயே தூக்குகளை ஏற்றிக்கொண்டு, வீட்டு வாசல்களில் வைத்து ஹாரன் அடித்துவிட்டுப் போனான். வுகாஷின் வெங்காயம் உரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயத்தின் மேல் பழி போட்டுவிடலாம் என்பது ஒரு வசதி.

ஏப்ரல் நடுவில், செர்பியர்களின் ஈஸ்டருக்கு முந்தைய வாரம், சிறுமான் வேட்டைக் காலம் தொடங்குகிற நாள் வந்தது. சுரங்கத்தை விட்ட பிறகு அந்த விடியலில் அவர் காட்டில் இல்லாமல் இருந்ததே இல்லை. பெர்சிதா தூங்கிக்கொண்டிருந்தாள். துப்பாக்கியைத் தொடாமல், பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு, பின்பக்கத்து பிளம் தோட்டம் வழியாக அவர் நழுவினார்.

ஹேசல் புதர்கள் மண்டிய மேட்டை ஏறும்போது காட்டுப்பூண்டு வாசனை மூக்கில் ஏறியது. வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது அவருக்கு. வேட்டைப் பரணுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் திரும்பியபோதுதான் புதருக்குள் ஏதோ அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

ஒரு பெண் சிறுமான். வயிற்றில் குட்டி. இடுப்பில் கம்பிச் சுருக்கு இறுகி, ரோமம் போய்த் தோல் தெரிந்தது. அவரைக் கண்டதும் இன்னும் வெறியாகத் துள்ளியது. வுகாஷின் கோட்டைக் கழற்றி அதன் தலைமேல் போட்டு அமுக்கிக்கொண்டு, ஒரு கையால் முடிச்சைத் தேடினார். “இரும்மா, இரு, அவ்வளவுதான்,” என்று அவர் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சுருக்கு தளர்ந்த நொடியில் பின்னங்கால் ஒன்று அவர் புருவத்தில் இறங்கியது. கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது மான் இல்லை. சற்றுத் தள்ளி இன்னொரு கண்ணி, ஓடைக்கருகில் மற்றொன்று. ரத்தம் கண்ணை மறைத்தது, கம்பியை வெட்டக் குறடும் இல்லை.

காட்டில் யாரும் நடமாடவில்லை என்று தெரிந்துகொண்டு எவனோ வைத்தது அது. வேட்டைக்காரன் வைக்கிற பொருள் இல்லை. அதில் மாட்டுகிற மிருகம் நாள்கணக்கில் சாகும்.

அவிழ்த்த கம்பியோடு ரத்தம் வழிய வீடு வந்தவரைப் பெர்சிதா ஒன்றும் கேட்காமல் உட்காரவைத்து, பிளம் சாராயத்தால் காயத்தைத் துடைத்தாள். கண்ணியைப் பற்றிப் போலீஸிடம் சொன்னால் வெளியே போனதும் வெளிப்படும். சொல்லாவிட்டால் காட்டில் இன்னும் எத்தனை மான்கள் மாட்டியிருக்குமோ. கடைசியில் தானே ஸ்லாவிஷாவைக் கூப்பிட்டார்.

ஸ்லாவிஷா வந்து, கதவுக்கு வெளியே நின்றபடி கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“எங்க கெடந்துச்சு மாமா?”

“ஹேசல் மேட்டுக்குப் பின்னால.”

“அப்ப நீங்க வெளிய போயிருக்கீங்க.”

“போனேன்.”

ஸ்லாவிஷா முகக்கவசத்துக்குள் பெருமூச்சு விட்டான். பின்னாலிருந்து பெர்சிதா வெடித்தாள். “எழுது ஸ்லாவிஷா! அபராதம் எழுது! ஒத்தையில விழுந்து கெடந்தா நான் எங்கன்னு போய்த் தேடுவேன்? போறேன்னு ஒரு வார்த்த சொன்னானா இந்த மனுஷன்?”

ஸ்லாவிஷா எழுதினான். வுகாஷின் கையெழுத்துப் போட்டார். பீச் மரத்துக் கேள்வியை இந்தத் தடவை எடுக்கவில்லை.

மற்ற கண்ணிகளை யார் எடுப்பது? வனக்காவலர் காய்ச்சலில் படுத்திருந்தார். ஊர் இளைஞர்களில் பாதிப் பேர் எல்லை மூடியதில் ஆஸ்திரியாவில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இருந்தவர்களுக்குக் காடு தெரியாது, வேட்டையில் நிற்கச் சொன்ன இடத்தில் நின்று பழகியவர்கள். அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. ஒப்ராத் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தான்.

“நான் போறேன். ஊரடங்கு நேரத்துலயும் தேனீப்பெட்டியப் பாக்கப் போறதுக்கு என்கிட்ட அனுமதி இருக்கு. பெட்டிங்க அந்தப் பக்கம்தான இருக்கு.”

“உனக்குக் காட்டுல கெழக்கு எது மேக்கு எதுன்னு தெரியுமா?”

“தெரியாது. நீதான் போன்ல சொல்லப் போற.”

மறுநாள் காலை ஒப்ராத் ஒரு கையில் குறடும், மறு கையில் வுகாஷினின் நாய் முர்ஜாவின் கயிறுமாகக் கிளம்பினான். நாய் என்றாலே நடுங்குகிறவன். முர்ஜா நாள் முழுக்க வீட்டிலேயே கிடந்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் கால் நீட்ட வேண்டும் என்று தானாகவே கேட்டு வாங்கிப் போனான். வுகாஷின் முற்றத்தில் நாற்காலி போட்டு, கண்ணை மூடி, போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

“உன் நாய் என்னைப் பாக்குற பார்வையே சரியில்ல.”

“அதோட பாட்டி சாப்பிட்ட வாத்த நெனச்சுப் பாக்குது. நட. இடி விழுந்து பிளந்த பீச் மரம் ஒண்ணு வரும்.”

“எல்லா மரமும் பிளந்துதான் இருக்கு.”

“ரெண்டாளு உள்ள நிக்கலாம் பாரு, அது. அங்க இடது பக்கம் எறங்கு. ஓடைச் சத்தம் கேக்குதா?”

“கேக்குறது என் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான். இரு... இருக்குடா! கம்பி இருக்கு!”

வெட்டுகிற சத்தம் போனில் டக்கென்று கேட்டது. பிறகு தூரத்தில் ஒரு குயில் கூவியது.

“ஒப்ராத், பேசாத. கொஞ்ச நேரம் அப்படியே நில்லு.”

ஒப்ராத் ஏன் என்று கேட்கவில்லை. போனைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கை வலித்தபோது கை மாற்றிக்கொண்டு, அங்கேயே நின்றான். கை வலித்ததைப் பிறகு பெர்சிதாவிடம்தான் சொன்னான், வுகாஷினிடம் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் மேடு முழுக்கச் சுத்தமாகிவிட்டது. அதற்குப் பிறகும் ஒப்ராத் தினமும் முர்ஜாவைக் கூட்டிக்கொண்டு ஏறினான். மான்களுக்கு உப்புக்கட்டி வைத்தான். மேட்டு உச்சியிலிருந்து கூப்பிட்டு, எந்த மரம் துளிர்த்திருக்கிறது, சேற்றில் என்ன தடம் தெரிகிறது என்று குத்துமதிப்பாகச் சொன்னான். பன்றித் தடத்தை மான் என்பான், மான் தடத்தை ஆடு என்பான். வுகாஷின் திட்டிக்கொண்டே கேட்பார். அந்த அழைப்பு வருவதற்குள் முகச்சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

கண்ணி வைத்தவன் யாரென்று ஸ்லாவிஷா கண்டுபிடித்துவிட்டான். வியன்னாவில் ஓட்டலில் பரிமாறுகிற வேலை போய், ஊர் திரும்பியிருந்த ஒருவன்.

“பேரச் சொல்லு,” என்றார் வுகாஷின்.

“சொல்லமாட்டேன் மாமா. அவன்கிட்டப் பேசிட்டேன், இனிமே வைக்கமாட்டான். அந்த வீட்டுல ரெண்டு சின்னப் புள்ளைங்க இருக்கு.”

“அந்த மான் வயித்துலயும் ஒரு குட்டி இருந்துச்சுடா!” என்று கத்திவிட்டு அவர் உள்ளே போனார். மறுநாள் பெர்சிதா கூடுதலாக ஒரு பெரிய தூக்கை எடுத்து வைத்தாள்.

“இது எந்த வீட்டுக்கு?”

“ஸ்லாவிஷாவுக்குத் தெரியும்.”

வுகாஷின் கரண்டியை வாங்கி, கொப்பரையின் அடியிலிருந்து கெட்டியான துண்டுகளாகத் தேடி எடுத்துத் தானே நிரப்பினார். “புள்ளைங்களுக்குக் காரம் ஒத்துக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

மே தொடக்கத்தில் ஒருநாள் போன் அடித்தது. மெலிந்த குரல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

“வுகா, நான் இன்னும் இருக்கேன்.” ஒத்தாவியோதான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

வுகாஷின் போனைப் பெர்சிதாவிடம் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய், முர்ஜாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். பெர்சிதா உள்ளே இத்தாலியருக்குக் கோழி சூப் வைக்கும் முறையைச் சத்தம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் விடுதியில் ஒரு கட்டிலிலும் யாரும் படுக்கவில்லை. குளிர்பெட்டிகள் துடைத்துவைத்த மாதிரி காலியாகின. அந்த உத்தரவு முட்டாள்தனமானது என்று வுகாஷின் இன்றுவரை சொல்கிறார். யார் எதிரில் உட்கார்ந்தாலும் பீச் மரத்துக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. ஆனால் அந்த வசந்தத்தில் என்ன இழந்தீர்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்ல அதிகம் இருப்பதில்லை. கேள்வியைக் காதில் வாங்காதவர்போல ஒப்ராத்தைப் பற்றியும், ஹாரன் அடித்துவிட்டுப் போன போலீஸ்காரனைப் பற்றியும், கொப்பரையைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுவார். அத்தனை காலம் அந்த மனிதர்கள் நடுவில் இருந்தும் அவர்களைச் சரியாகப் பார்க்காமல் காட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டதாகச் சொல்வார்.

தடை நீங்கிய முதல் காலையில் வெளிக்கதவைத் திறந்தபோது ஒப்ராத் தெருவில் நின்றிருந்தான்.

“நீ எங்கடா வர?”

“நாய்க்கு என்கூடதான் பழக்கம்.”

இருவரும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். வுகாஷின் நடையைத் தளர்த்தினார். “ஒப்ராத், உனக்கு ஒண்ணு சொல்லணும். நீ மட்டும் இல்லன்னா நான்...”

“சொல்லாத. ரெண்டு கெழடும் நடுரோட்டுல அழுதா ஸ்லாவிஷா அதுக்கும் அபராதம் போடுவான்.”

வுகாஷின் அவன் தோளில் கை வைத்தார். மேடு ஏறி முடியும்வரை எடுக்கவில்லை. பிளந்த பீச் மரத்தருகே வந்ததும் ஒப்ராத் நின்றுவிட்டான்.

“பாரு, இதுதான. இங்கருந்து வலது பக்கம் எறங்கணும். நீ இடதுன்னு சொன்ன. அதனாலதான் அன்னிக்குச் சேத்துல விழுந்தேன்.”

“இடதுதான்டா. நீ மரத்தோட பின்பக்கம் போய் நின்னிருப்ப.”

“மரத்துக்கு ஏதுடா பின்பக்கம்?”

முர்ஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு காத்திருக்கப் பொறுமையில்லாமல் தன் பாட்டுக்கு ஓடை இருக்கும் பக்கம் இறங்கி ஓடியது.