சந்தனப் பொட்டு வைத்த போர்டு

எங்கள் பள்ளியின் மாடி ஆய்வகத்தில், மூலையில், ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. சீட்டுக்கட்டை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மூடியின் மேல் காய்ந்துபோன சந்தனம், அதன் நடுவில் பழுப்பேறிய குங்குமம். புதிதாக வருகிற ஆசிரியர்கள் யாராவது அதைத் துடைக்கப் போனால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்தப் பொட்டை வைத்தவள் நான். அன்றைக்கு நான் செய்த காரியத்தால் ஒருவருடைய வேலையே போகப் பார்த்தது.

அவரை நாங்கள் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். குன்னம் பக்கத்தில் இருக்கும் இந்தத் தனியார் பள்ளியில் நான் கணினி ஆசிரியை, அவர் ஆய்வக உதவியாளர். உதவியாளர் என்பது பெயருக்குத்தான். நான் பாடம் நடத்திவிட்டுப் போய்விடுவேன். பதினெட்டுக் கணினிகளையும் ஓட வைத்தவர் அவர். ஒருநாள் அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று அவருடைய ஸ்கூட்டரை உரசித் தள்ளியதில் வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. நான்கு மாதம் கழித்து ஊன்றுகோலோடு வந்தார். கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆய்வகம் மாடியில். படிக்கட்டோ செங்குத்தாக இருக்கும்.

எங்கள் தாளாளர் நல்லவர் என்று ஊரில் பலரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். “மாடி ஏற முடியாதவங்களுக்கு மாடியில என்னம்மா வேலை? வாசல் கேட்டுகிட்ட தண்ணி கேன் பக்கத்துல ஒரு சேர் போடச் சொல்றேன். பிள்ளைங்களப் பாத்துக்கிட்டு உக்காந்திருங்க,” என்றார் அவர். அக்காவின் அம்மா இதே பள்ளியில் வகுப்பறைகளைக் கூட்டிப் பெருக்கியவர். வேலை முடிந்து அவர் உட்காரும் இடமும் அதே தண்ணீர் வைக்கிற இடம்தான். அதற்கும் முன்பு அந்தக் குடும்பமே அடுத்தவர் பருத்திக் காட்டிலும் வெங்காயக் காட்டிலும் கூலிக்கு நின்றது. எங்கிருந்து எழுந்து வருவதற்காக அக்கா டிப்ளமோ படித்தார் என்று தாளாளருக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் சொன்னார்.

“கால்தான் சார் மடங்காது. விரல் பத்தும் நல்லா மடங்குது,” என்றார் அக்கா. “ஆயுதபூஜை லீவு முடியற வரைக்கும் டைம் குடுங்க. கீழ உக்காந்தே மாடி லேப்ப ஓட்டிக் காட்டுறேன். முடியலேன்னா நானே வேலையிலேருந்து நின்னுக்கறேன். அந்தச் சேர் மட்டும் வேணாம்.” தாளாளர் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

மறுவாரம் அக்கா வரவழைத்த போர்டு, ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள், கூரியரில் வந்தது. ஒரே பலகையில் முழுக் கணினி. “இதுவா கம்ப்யூட்டர்? சோப்பு டப்பா மாதிரி இருக்கு,” என்றேன். அக்கா விரல் நகம் அளவு இருந்த மெமரி கார்டில் தன் லேப்டாப்பிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி என் கையில் கொடுத்தார். படிக்கட்டுக்கு அடியில் விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைக்கும் அறையில் அவர், மாடியில் போர்டுக்கு முன்னால் நான், நடுவில் போன். எங்களிடம் இருந்ததிலேயே நல்ல மானிட்டரைப் போர்டில் செருகினேன். திரையில் வருவதை நான் படிக்கப் படிக்க, எதை அழுத்துவது என்று அவர் சொன்னார். பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை, கடைசியில் அமைப்புகளுக்குள் போய் தூரத்திலிருந்தே திரையை இயக்க விடும் ரிமோட் டெஸ்க்டாப் என்ற இடத்தில் ஒரு டிக். கொஞ்ச நேரத்தில் நான் தொடாமலே மவுஸ் அம்பு திரையில் நகர ஆரம்பித்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. “அக்கா, மாடி ஏறிட்டீங்க,” என்றேன். போனில் அந்தப் பக்கம் அவர் அழுதார். பதினெட்டுக் கணினிகளுக்கும் பாடமும் பயிற்சியும் அந்தப் போர்டிலிருந்தே போகும்படி செய்தார். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஆயுதபூஜை வந்தது. அன்றைக்கு எங்கள் பள்ளியில் எந்த மெஷினும் ஓடக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மானிட்டர்களைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, மேசையில் வரிசையாக வைத்துப் பொட்டிடுவோம். போர்டில் இருந்த நல்ல மானிட்டரைக் கழற்றி முன்வரிசையில் நான்தான் வைத்தேன். போர்டின் பெட்டிக்கும் பக்தியோடு ஒரு பொட்டு. படையல் முடிந்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டும்போது, ஒரு மாணவன் உட்காரும் இடத்தில் திரை மங்கலாக இருந்தது நினைவுக்கு வந்தது. அக்காதான் கீழே லேப்டாப்பில் பார்க்கிறாரே, போர்டுக்கு மானிட்டர் எதற்கு என்று என் மேதாவி மூளை கேட்டது. நல்ல மானிட்டரை அந்த மாணவனுக்கு மாட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

லீவு முடிந்து பள்ளி திறந்த காலை. மாடியில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். கீழே அக்கா லேப்டாப்பைத் திறந்தார். பக்கத்தில் தாளாளர், பின்னால் நான். திரை கறுப்பாக வந்தது. டெஸ்க்டாப்பைக் காட்ட முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. அக்கா மறுபடி முயன்றார். அதே கறுப்பு. “அவ்ளோதானாம்மா?” என்றார் தாளாளர். என்ன மாற்றியிருந்தேன் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். என் வேலைக்குப் பயந்து நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

அக்கா திரும்பி என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, “பத்து நிமிஷம் குடுங்க சார்,” என்றார். லேப்டாப் திரையில் வேறொரு ஜன்னலைத் திறந்தார். அதில் படம் கிடையாது, வெறும் எழுத்து. போர்டோடு எழுத்தால் மட்டும் பேசுகிற வழி அது. ஏதோ ஒரு கோப்பில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். போர்டை நிறுத்தி மறுபடி எழுப்பினார். கறுப்பு விலகி டெஸ்க்டாப் வந்தது. சற்று நேரத்தில் மாடியிலிருந்து, “பாடம் வந்துடுச்சு மிஸ்,” என்று பிள்ளைகளின் குரல் கேட்டது.

“நல்லாத்தான் இருக்கு,” என்று இழுத்தார் தாளாளர். “ஆனாலும் ஆள் மேல இருக்கற மாதிரி வருமா?”

அக்கா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றார். “இந்த வருஷம் நீங்க எத்தன தடவ சார் மாடி ஏறினீங்க? ரூம்ல உக்காந்து கேமராவுலதான ஸ்கூல் முழுக்கப் பாத்துக்கறீங்க. உங்களை யாரும் தண்ணி கேன்கிட்ட உக்காரச் சொல்லலயே.”

தாளாளர் போனைப் பார்த்தபடி வெளியே போய்விட்டார். அக்காவின் வேலை நிலைத்தது.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் ஒப்புக்கொண்டேன். “மானிட்டரை எடுத்தது நான்தான்க்கா.”

“தெரியும். ஒங்க மூஞ்சியே சொல்லிச்சு.”

“அவர்கிட்ட ஏன் சொல்லல?”

“ஒங்களக் காட்டிக் குடுத்துத்தான் நான் நிக்கணுமா டீச்சர்?” என்றார். அந்த வரியில் என்ன எழுதினார் என்று கேட்டேன். “அது முழிச்சதும் மானிட்டர் இருக்கான்னு தேடுது. இல்லேன்னா படமே போட மாட்டேங்குது. பாக்க ஆள் இல்லேன்னாலும் நீ பாட்டுக்கு வேலையப் பாருன்னு எழுதிட்டேன்.”

இப்போது அக்கா பெரம்பலூரில் இருக்கிறார். எங்கள் பள்ளியோடு சேர்த்து வேறு சில பள்ளிகளின் ஆய்வகங்களையும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறார். இந்த வருட ஆயுதபூஜைக்கு முன்னால் எல்லா மெயினையும் அணைக்கச் சொல்லி ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. நேராகத் தாளாளர் அறைக்குப் போனேன். “லேப் மெயின மட்டும் அணைக்க மாட்டேன் சார். அக்கா வீட்டுலேருந்து அதுலதான் வேல பாக்கறாங்க,” என்றேன்.

“வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல டீச்சர்?”

“அந்த வழக்கத்தால அன்னைக்கு லேப் அக்கா வேலை போகப் பாத்துச்சு சார். மானிட்டரைக் கழட்டினது நான். அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. இப்ப சொல்றேன். மெயினை அணைக்க மாட்டேன்.”

அவர் என்ன நினைத்தார் என்று பார்க்க நான் அங்கே நிற்கவில்லை. மாடிக்கு வந்து, மெயினை அணைக்கவில்லை, பொட்டு மட்டும் வைக்கப் போகிறேன் என்று அக்காவுக்குப் போனில் சொல்லிவிட்டுச் சந்தனம் குழைத்தேன். பெட்டியில் பழைய பொட்டின் மேலேயே புதிய பொட்டை வைக்கக் குனிந்தபோது, பதினெட்டுத் திரைகளிலும் ஒரே வரி வந்து நின்றது: ‘பொட்டு வைங்க டீச்சர். ஒயரைத் தொடாதீங்க.’

நான் தொடவில்லை.