பச்சைத் தக்காளி வைத்த பீடம்

மொன்ட்ரியால் தீவின் வடக்கே, மொன்ட்ரியால்-நோரில் ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபம். நவம்பர் மாதத்தின் முதல் வியாழன். கனடியர்கள் நன்றி செலுத்தும் நாளை ஒக்டோபரிலேயே கொண்டாடிவிட்டார்கள். லைபீரியர்களுக்கு அது இன்றுதான். டொரொன்டோ போகும் வழியில் தன் வீட்டில் தங்கியிருக்கும் என்னை, துறைமுகக் கிடங்கில் தன்னோடு வேலை செய்யும் லைபீரியரான யோசப்பின் விருந்துக்குக் கூட்டி வந்திருக்கிறார் செல்வம் அண்ணை.

தங்கள் கையால் விளைவித்ததைப் பீடத்தில் வைப்பது அவர்கள் வழக்கமாம். யோசப்பின் மனைவி மார்த்தா, பல்கனிச் சாடியில் காய்த்த தக்காளிகளை வைக்கிறார். பழுக்கும் முன்பே குளிர் வந்துவிட்டதால் எல்லாம் பச்சை. அமெரிக்காவில் அடிமைகளாயிருந்து விடுதலையாகி, ஆப்பிரிக்கக் கரையில் இறங்கி லைபீரியாவை அமைத்த தன் முன்னோருக்காகக் கண்மூடி நன்றி சொல்கிறார்.

யோசப் கண்ணை மூடவில்லை. ஏன் என்று அண்ணையிடம் மெல்லக் கேட்கிறேன்.

"இவற்ற ஆக்கள் அந்தக் கரையில முந்தியே இருந்தவை. வந்தவை ஆண்டவை, இவை கூலி வேலை செய்தவை. பேந்து இவற்ற ஆக்களில ஆமியில இருந்தவங்கள் ஆட்சியைப் பிடிச்சு, மார்த்தான்ர தமையனைச் சுட்டுப்போட்டாங்கள். அதுதான் ரெண்டு பேரும் ஓடி வந்தவை."

செபம் முடிகிறது. மார்த்தா ஒரு தக்காளியை எடுத்து என் கையில் வைக்கிறார். யோசப் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்கிறார்.

"என்னவாம் அண்ணை?"

"இந்த மொன்ட்ரியால் தீவில நாங்கள் எல்லாரும் வர முந்தியே இருந்த பூர்வகுடியளுக்கு ஆர் நன்றி சொல்லுறதெண்டு கேக்கிறார்."