நான் படிக்காத ஏழாம் பகுதி

பென்ரோஸில் இருக்கும் அலுவலகத்துக்கு ரயிலில் போகும்போதுதான் அந்த ஆசை வந்தது. இணையத்தில் தரவு போகும் வழியைத் தீர்மானிக்கும் புதிய விதிமுறையின் வரைவு பொதுப் பரிசீலனையில் இருந்தது. அதன் நன்றிப் பட்டியலில் என் பெயரும் வந்தால்! பாதிதான் படித்தேன். வரைவை விவாதிக்கும் மின்னஞ்சல் குழுவில் "முழுதும் படித்தேன், குறையில்லை" என்று எழுதிவிட்டேன்.

மறுவாரம் அலுவலகத்தில் வாசுகி அக்கா அந்த வரைவுப்படி இயங்கும் நிரலைச் சோதித்தார். ஓர் இணைப்பைத் துண்டித்ததும் தரவுக்கு வழிகாட்டும் ரவுட்டர்கள் இரண்டு ஒரே தரவை மாறிமாறித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தன.

"ஏழாம் பகுதியில பிழை. நீர் வாசிச்சனீர்தானே?"

"ஆமாக்கா... கொஞ்சம் வேகமா."

"நீர் குறையில்லை எண்டதால சோதிக்க முந்தி நான் அதை வாசிக்கேல்லை."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. இன்னும் எத்தனை பேர் என்னை நம்பி அதைத் தாண்டிப் போனார்களோ?

பரிசீலனை நாளையோடு முடிகிறது. விட்டால் பிழையே விதியாகிவிடும். அதே குழுவில் இன்று "ஏழாம் பகுதியில் பிழை இருக்கிறது, நான் முழுதும் படிக்கவில்லை" என்று எழுதிவிட்டு, அந்தப் பகுதியைப் படிக்கத் திறக்கப் போகிறேன்.