இடது கையில் ஒரு தேள்

நான் என் புருஷனுக்குப் பெண்டாட்டி என்பது எங்கள் மலையில் வளப்பூர் நாடு முழுக்கத் தெரியும். பந்தல் போட்டவனுக்குத் தெரியும். விருந்தில் கறி பத்தவில்லை என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போன என் நாத்தனாருக்கு நன்றாகவே தெரியும். சர்க்காருக்குத்தான் தெரியவில்லை.

அவர் பினாங்குப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். ஆடி பிறப்பதற்குள் நான் போய்ச் சேராவிட்டால், குடும்பத்துக்கென்று ஒதுக்கிய அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். கல்யாணமாகி ஒரு மழைக்காலம்தான் சேர்ந்து இருந்தோம். எனக்கு அவரிடம் போக வேண்டும், அவ்வளவுதான்.

கப்பலேற ஒரு காகிதம் வேண்டும். இன்னாள் இன்னாருடைய சம்சாரம் என்று ஊர் மணியக்காரர் எழுதிக் கொடுக்க, அதை வைத்துத் தாசில்தார் கச்சேரியில் முத்திரை போட்டுத் தருவார்கள். மணியக்காரர் எனக்கு மாமன் முறை. அவரே கேட்டார்: "கல்யாணத்துக்குச் சாட்சி இருக்குதா கண்ணு?"

"ஏனுங்க மாமா, நீங்கதானுங்களே தாலி எடுத்துக் குடுத்தீங்க?"

"அது மாமனா எடுத்துக் குடுத்தது. இப்ப மணியக்காரனாக் கேக்கறேன்."

எங்கே போய் முட்டிக்கொள்வது! எப்படியோ எழுதி வாங்கி, அப்பாவும் நானும் மலையிறங்கித் தாலுக்கா கச்சேரிக்குப் போனோம். குமாஸ்தா தலையைத் தூக்காமலேயே மளமளவென்று எழுதினார். தாசில்தாரின் முத்திரையும் விழுந்தது. அப்பா அதைத் துண்டில் சுற்றி, சாமி சிலையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்.

அடிவாரத்தில் எங்கள் மிளகை வாங்கும் பாய்தான் அதைப் படித்துச் சொன்னார். "அங்க அடையாளம், இடது முன்கையில் தேள் உருவம் பச்சை குத்தியது."

என் கையில் தேளும் இல்லை, பூரானும் இல்லை. எங்கள் ஆட்கள் பச்சை குத்துவதில்லை. குத்திக்கொண்டவளை அடுப்படிக்குள் விடமாட்டார்கள், அவள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார்கள்.

திரும்ப ஓடினோம். "சாமி, எங்கையில பச்சையே இல்லீங்களே" என்று கையை நீட்டினேன்.

குமாஸ்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொம்பளைங்க எல்லாருக்கும் அதுதான் எழுதறது. இத்தனை வருஷத்தில் ஒருத்தியும் வந்து கேட்டதில்லை. முத்திரை விழுந்த பிறகு ஒரு எழுத்தைத் தொடக்கூடாது. வேறு காகிதம் வேணும்னா தாசில்தார் வரணும். இப்பத்தான் கேம்ப் கிளம்பிப் போனார், ஆடி கழிச்சுத்தான் வருவார்."

"துறைமுகத்துல கையப் பாப்பாங்களா சாமி?"

"பாக்காம? அங்கே பூதக்கண்ணாடியே வச்சிருக்கான். காகிதத்தை மாத்த முடியாதும்மா. கையை மாத்திக்கோ."

அன்று சந்தையில் பச்சை குத்துகிறவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். அப்பா முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். அந்தப் பாவி குமாஸ்தா ஒரு புள்ளி, ஒரு மச்சம் என்று எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா? தேளுக்குக் கொடுக்கு வேறு உண்டே. வலியில் அழுதேன். இனி அம்மா வீட்டு அடுப்படிக்குள் காலெடுத்து வைக்க முடியாது என்பதற்கும் சேர்த்து அழுதேன்.

நாகப்பட்டினம் போகிற வழியெல்லாம் அப்பா தண்ணீரைத் தானே மொண்டு குடித்தார். நான் நீட்டிய சொம்பைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

துறைமுகத்து அதிகாரி காகிதத்தில் முத்திரையை மட்டும் பார்த்தார். "ம், போ" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்! முழங்கை வரை சேலையை விலக்கி மேஜைமேல் கையை வைத்தேன். காயம் இன்னும் வீங்கியிருந்தது.

"தேளு இருக்குதுங்க. பாருங்க."

"அதையெல்லாம் யாரும்மா பாக்கறா? நகரு, நகரு. அடுத்தது!"

மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிறகு, "தண்ணி குடு கண்ணு" என்றார்.

கொடுத்தேன். சொம்பைக் கீழே வைக்காமல் முழுக்கக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "உங்கையால தண்ணி வாங்கிக் குடிச்சத ஊருல யாருகிட்டயும் சொல்லிப்போடாதே" என்றார்.

நான் யாரிடம் சொல்ல? கப்பலில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.